தாம்பரத்துக்கு ஒரு அமெரிக்க ஜீப்: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

குரோம்பேட்டை சிக்னலில் உங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்று ‘டக டக’வென்று நடுங்குகிறதே, கதவில்லாத பழைய மஹிந்திரா ஜீப், அதன் முகத்துக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, தெரியுமா? 1953-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டொலீடோ நகரில் வில்லிஸ் கம்பெனி வெளியிட்ட சி.ஜே.3பி மாடலின் முகம் அது! அங்கே 1968-லேயே மூடுவிழா நடத்திவிட்டார்கள். நம் ஊரில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பி.டி.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் வனத்துறைக்கும் போலீஸுக்கும் அதே முகம்தான். ‘ஊருக்குள்ள ஜாலியா சுத்த பழைய அமெரிக்க ஃபோர் வீல் டிரைவ் ஒண்ணு மலிவா கிடைக்குமா’ என்று கேட்கிற செலையூர், பம்மல், மேடவாக்கம் வாசிகளே, கப்பலை எதிர்பார்க்க வேண்டாம். அது எப்போதோ இங்கே வந்து, ஆர்.சி. புக் வாங்கி, செட்டிலாகிவிட்டது.

ஜீப் பிறந்த வேகத்தைக் கேட்டால் மூச்சு வாங்கும். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு ஓலை அனுப்பியது: நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு குட்டி வண்டி வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வாசலுக்கு வர வேண்டும்! உருப்படியாகப் பதில் சொன்னவை பாண்டம், வில்லிஸ் என இரண்டே இரண்டு. பாண்டம் அப்போது கிட்டத்தட்ட திவாலாகிக் கிடந்த கம்பெனி. அது கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினீயரைக் கூப்பிட, மனிதர் இரண்டே நாளில் வரைபடத்தை முடித்தார். செப்டம்பர் 23, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்தது. இவ்வளவு பாடுபட்ட பாண்டமுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? அதன் வரைபடங்களை ராணுவம் போட்டியாளர்களுக்கும் காட்டியது. பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் அந்த இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. பாண்டம் செய்தது மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை. நியாயமா? இல்லைதான்.

போர்க்கால ஜீப்பில் பெட்ரோல் டேங்க் எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? டிரைவர் சீட்டுக்கு அடியில்! பெட்ரோல் போட வேண்டுமானால் டிரைவர் எழுந்து, குஷனைத் தூக்க வேண்டும். ஹெட்லைட்டோ இன்னும் அதிசயம்: ஒரு திருகைத் தளர்த்தி அப்படியே பின்பக்கம் திருப்பினால், இரவில் இன்ஜினைப் பார்த்து வேலை செய்ய வெளிச்சம் ரெடி. ஃபோர்டு கம்பெனி தான் செய்த ஜீப்புகளில் போல்ட் தலையில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. இன்றைக்கும் உலகமெங்கும் பழைய ஜீப் பித்தர்கள் பூதக்கண்ணாடியோடு அந்த எழுத்தைத் தேடுகிறார்கள். போர் முடிந்ததும் பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, வண்ணம் தீட்டி, பஸ்ஸாகவே ஓட்டினார்கள். மணிலா தெருக்களின் ஜீப்னி அப்படிப் பிறந்ததுதான்.

இந்தியக் கதை இதைவிடச் சுவாரஸ்யம். 1945-ல் தொடங்கியபோது கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது! ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா சகோதரர்களோடு கூட்டுச் சேர்ந்தவர் குலாம் முகமது. தேசப் பிரிவினையில் அவர் பாகிஸ்தான் போய், அந்த நாட்டின் முதல் நிதியமைச்சராகி, பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த வில்லிஸ் உதிரிகளை பம்பாய் மஸகானில் பூட்டி ஜீப்பாக இறக்கியவர்கள், மெல்ல மெல்ல முழு வண்டியையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த உயரமான பானெட்டுக்கு ஒரு காரணம் உண்டு. சி.ஜே.3பி-க்குள் இருக்கும் ‘ஹரிக்கேன்’ பெட்ரோல் இன்ஜினில் காற்றை உள்ளே விடும் வால்வுகள் தலைக்கு மேலே ஏறிவிட்டன. புகையை வெளியே தள்ளும் வால்வுகள் பழையபடி பிளாக்குக்குள்ளேயே தங்கின. இன்ஜின் வளர்ந்தது, பானெட்டும் வளர்ந்தது, அவ்வளவுதான் அழகியல்! 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், மூன்றே கியர். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கிடைத்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடையுங்கள். இந்தத் தாகத்தால்தான் பல ஜீப்புகளில் பின்னாளில் டீசல் புகுந்தது. சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜினை உரிமம் பெற்றுச் செய்துகொண்டிருந்தது. அதைத் தூக்கி ஜீப்பில் இறக்கியவர்கள் உண்டு. மஹிந்திராவே டிராக்டர் வழி வந்த டீசல் இன்ஜினைப் பொருத்தியது, 1980-களில் பிரான்ஸின் பூஷோ டீசலுக்கு மாறியது. முகம் அமெரிக்கா, இதயம் பிரான்ஸ், ரேஷன் கார்டு இந்தியா!

அட, கதை முடியவில்லை. 2018-ல் மஹிந்திரா இந்த வம்சத்து வண்டியை ‘ராக்ஸர்’ என்ற பெயரில் அமெரிக்காவுக்கே கொண்டுபோய் மிச்சிகனில் பூட்டி விற்றது. ஜீப் பிராண்டை அப்போது வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர் சும்மா இருக்குமா? ‘எங்கள் ஜீப்பின் ஜாடை’ என்று புகார் கொடுத்தது. 2020-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ‘ஆமாம், ஜாடைதான்’ என்று சொல்ல, ராக்ஸரின் முகத்தை மாற்ற வேண்டிவந்தது. தாத்தா வீட்டுக்குப் போன பேரனை ‘நீ ஏன் தாத்தா மாதிரி இருக்கிறாய்’ என்று கேட்ட கதை. அதே 2020-ல் வெளிவந்த மஹிந்திராவின் புதிய ‘தார்’ ஜீப்பை வடிவமைத்த ஆராய்ச்சி மையம் எங்கே இருக்கிறது தெரியுமா? தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கல் ஏறினால் வரும் பரனூரில், மஹிந்திரா சிட்டிக்குள்!

இன்னும் வித்தியாசமாக வேண்டுமா? ‘செவ்ரோலே ஃபாரெஸ்டர்’ என்று ஒன்று, 2000-களின் முதல் பாதியில் இந்தியாவில் விற்றது. மூக்கில் அமெரிக்க முத்திரை. உள்ளே அத்தனையும் ஜப்பானின் சுபாரு. படுத்துக்கொண்டே வேலை செய்யும் பாக்ஸர் இன்ஜின், எப்போதும் நான்கு சக்கர இழுவை. சுபாருவில் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பங்கு இருந்த காலத்துக் கூத்து அது. 2005-ல் அந்தப் பங்கை விற்றார்கள். 2017-ன் முடிவில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. ஓட்ட அருமையான வண்டி; ஆனால் ஒரு உதிரிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் மட்டும். ஃபோர்டு எண்டெவர் கதை நம் வீட்டுப் பக்கத்துக் கதை: 1995-ல் மஹிந்திராவோடு கூட்டாகத்தான் ஃபோர்டு மறுபடி இந்தியாவுக்கு வந்தது, மறைமலை நகரில் ஆலை எழுந்தது, 2003-ல் எண்டெவர் விற்பனைக்கு வந்தது, 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பழைய ஃபோர் வீல் எண்டெவர் நெடுஞ்சாலைக்கு நல்லது. மாடம்பாக்கம் சந்துக்குள் திருப்பிப் பாருங்கள், அழுகை வரும். சந்துக்கும் பொந்துக்கும் குட்டை ஜீப்தான். அதன் முன்பின் சக்கரங்களுக்கு நடுவே இருப்பது வெறும் 80 அங்குலம்.

சரி, வாங்கப் போகிறீர்கள். இங்கேதான் நிஜமான ‘தெரியுமா’க்கள்! அரசு ஏலத்தில் பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப்பை அடிமாட்டு விலைக்கு எடுத்த மாமா கதையைக் கேட்டிருப்பீர்கள். 2023 ஏப்ரல் முதல், 15 வயது தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு ரத்து; அவை உடைக்கப் போக வேண்டியதுதான். அந்த வாய்க்கால் வற்றிவிட்டது. தனியார் வண்டியானால் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த கட்டணப்படி, 20 வயது தாண்டிய சாதாரண காருக்கு 10,000 ரூபாய்; வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான நான்கு சக்கர வண்டிக்கு 80,000! அசல் அமெரிக்க ஜீப் என்று மீசையை முறுக்குகிறவர், மஹிந்திராக்காரரைப் போல எட்டு மடங்கு கட்ட வேண்டிவரும்.

‘அப்படியானால் வின்டேஜ் வண்டியாகப் பதிந்துவிடலாமே?’ பதியலாம். 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய, அசல் உருவம் கெடாத வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள தனி நம்பர் பிளேட், 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லும். ஆனால் அந்த பிளேட்டோடு தினமும் மார்க்கெட்டுக்கும் டியூஷனுக்கும் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். ஜாலியாகச் சுற்ற வாங்கிய வண்டியை ஷோகேஸில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்!

வட இந்தியப் பட்டறைகளில் புத்தம் புது ஜீப் போலவே செய்து தருகிறார்கள், அகல டயரும் ஸ்டீல் பம்பரும் கண்ணைப் பறிக்கும். விழுந்துவிடாதீர்கள். கம்பெனி கொடுத்த வடிவத்தை அடிப்படையாக மாற்றிய வண்டி செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இன்ஜின் மாறியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் என்று பேப்பரில் இருக்கும், பானெட்டைத் திறந்தால் டீசல் உறுமும். சேஸிஸில் அடித்திருக்கும் நம்பரை பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். துருவும் பெயின்ட்டும் அப்புறம். இன்னொன்று: பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் டூ வீல் டிரைவ் ஜீப்புகள் ஏராளம். குனிந்து, முன் ஆக்சிலில் உருண்டையாக டிஃபரன்ஷியல் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் நின்ற வண்டியானால் உப்புக்காற்று அடிப்பாகத்தைத் தின்றிருக்கும்; தாம்பரம் பக்கத்து வண்டி அந்த வகையில் தேவலை. உதிரிக்குக் கவலை வேண்டாம், எழும்பூரில் இறங்கி நடந்தால் புதுப்பேட்டை.

ஓட்டும்போது ஒரு ரகசியம். ஃபோர் வீல் லீவரைக் காய்ந்த தார் ரோட்டில் போடவே கூடாது, தெரியுமா? திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளும். அந்த வித்தியாசத்தை விழுங்க இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, கியர் பெட்டிதான் முறுக்கிக்கொள்ளும். சேறு, மணல், வழுக்கல் என்றால் மட்டும் போடுங்கள். ரேடியேட்டருக்குப் பல்லாவரம், குரோம்பேட்டை போர் தண்ணீரைக் காட்டாதீர்கள், உப்புப் படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

மழை? 2015-ல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதையும், 2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றதையும் பார்த்த ஊர் இது. கம்ப்யூட்டர் மூளை இல்லாத ஜீப் தண்ணீருக்குப் பயப்படாது என்பது பாதி உண்மைதான். பெட்ரோல் ஜீப்பில் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் நடுத்தண்ணீரில் நிற்கும். டீசல் தேவலை, ஆனால் காற்று உறிஞ்சும் வாய்க்குள் தண்ணீர் போனால் இன்ஜினே காலி. தண்ணீரில் இறங்கி வந்த பிறகு ஆக்சில் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். கடற்கரை மணலில் வித்தை காட்டவும் கிளம்ப வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர் தொடங்கி நீலாங்கரை வரை ஆமைகள் முட்டையிட ஏறி வருகிற மணல் அது.

ஏ.சி. இல்லை, ஏர்பேக் இல்லை. குழந்தைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைபாஸில் பறக்கிற வண்டி அல்ல இது. ஞாயிறு காலை வண்டலூர் வரை போய் டீ குடித்துவிட்டு வர இதைவிடச் சிறந்த வண்டி எனக்குத் தெரியவில்லை. என் ஓட்டு, பேப்பர் சுத்தமான மஹிந்திரா டீசல் ஃபோர் வீலுக்கு. சேஸிஸ் நம்பர் பொருந்தாத ஜீப்பை மட்டும், சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.