மூலையில் நிற்பவர்

பிள்ளைகள் கைபேசியில் பார்க்கும் விளையாட்டுகளில் பெரியவர்களை அதிகம் முகம் சுளிக்க வைப்பது எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டைதான். வலைக்கூண்டுக்குள் இரண்டு பேர்; குத்து, உதை, குஸ்தி, கழுத்தை நெரிப்பது எல்லாம் உண்டு. "இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறோம். கூண்டுக்குள் நடப்பதைச் சற்று ஒதுக்கிவிட்டு, வெளியே மூலையில் நிற்கிற பயிற்சியாளரைக் கவனித்துப் பாருங்கள். பேரனோடு பேசுவதற்கு உங்களுக்கும் ஒரு விஷயம் கிடைக்கும்.

ஹபீப் நூர்மகமெதோவ் என்பவரை எடுத்துக்கொள்வோம். ரஷ்யாவின் தென்கோடியில், காஸ்பியன் கடலுக்கும் காக்கஸஸ் மலைகளுக்கும் நடுவில் இருக்கும் தாகெஸ்தானில் 1988-ல் பிறந்தவர். நமக்கு ஹரியானா எப்படியோ ரஷ்யர்களுக்குத் தாகெஸ்தான் அப்படி. மல்யுத்தம் அங்கே பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பும் கௌரவமும் சேர்ந்த சங்கதி. தகப்பனார் அப்துல்மனாப் சோவியத் ராணுவத்தில் இருந்தபோது ஜூடோவும் சாம்போவும் பழகியவர். சாம்போ என்பது சோவியத் காலத்தில் உருவான மல்யுத்த வகை. வீட்டின் கீழ்த்தளத்திலேயே பயிற்சிக்கூடம் வைத்து, மகனோடு உறவுப் பிள்ளைகளையும் ஊர்ப் பிள்ளைகளையும் பழக்கினார். அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவர்தான் ஹபீபைவிட மூன்று வயது இளையவரான இஸ்லாம் மகாச்சேவ்.

2020 ஜூலையில் கொரோனாவுக்குப் பிந்தைய கோளாறுகளால் தகப்பனார் காலமானார். அந்த அக்டோபரில் அபுதாபியில் ஹபீப் தம் 29-ஆவது ஆட்டத்தையும் வென்றார். 29-ல் ஒன்றுகூடத் தோல்வியில்லை. வென்ற கையோடு, அப்பா இல்லாமல் இனிச் சண்டையில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லிக் கையுறைகளைக் கழற்றிக் கீழே வைத்தார். அப்போது வயது 32. அதன் பிறகு அப்பா நின்ற இடத்தில் அவர் நிற்க ஆரம்பித்தார்.

நன்றாக ஆடியவரெல்லாம் நன்றாகச் சொல்லித் தருவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பல மகா ஆட்டக்காரர்களுக்குத் தாங்கள் எப்படிச் செய்தோம் என்று சொல்லவே தெரியாது. கை தானாகச் செய்தது என்பார்கள். ஹபீபின் ஆட்டத்தில் மின்னல் வேகமோ வித்தையோ அதிகம் இல்லை. அதனால்தான் அது கற்றுக்கொடுக்கத் தக்கதாக இருந்தது என்பது என் அபிப்பிராயம். அதன் அடிப்படை நெம்புகோல் கணக்குத்தான்.

கீழே விழுந்த மனிதன் எழுந்திருக்க என்ன வேண்டும்? ஒரு கையையாவது தரையில் ஊன்ற வேண்டும். காலை மடக்கி அடியில் கொண்டுவர வேண்டும். ஹபீப் முதலில் எதிராளியைக் கூண்டின் வலையோடு சேர்த்து நெருக்கி உட்கார வைப்பார். தம் கால்களால் அவன் கால்களைக் கட்டிப்போடுவார். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, எட்ட இருக்கும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொள்வார். ஊன்றிய கை போயிற்று. நான்கு ஜாக்கில் தூக்கி நிறுத்திய ரயில் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு ஜாக்கை உருவினால் என்ன ஆகுமோ அதுதான் கதை. மிச்சமிருக்கும் தம் கையால் நிதானமாகக் குத்துவார். 'தாகெஸ்தான் கைவிலங்கு' என்று இதற்கு ரசிகர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு நொடியில் முடியும் காரியம் எதுவும் இல்லை. ஐந்து நிமிஷச் சுற்று முழுவதும் எடையை அவன்மேல் வைத்துக் களைக்கச் செய்வதுதான் வேலை. அந்தப் பொறுமையைத்தான் அவர் தம் ஆட்களுக்கு ஏற்றினார்.

வாயால் சொல்லி ஏறுகிற விஷயம் அல்ல அது. அவர் பயிற்சி தரும்போது தாமே பாயில் இறங்கிப் புரளுவார், அவர்களோடு ஓடுவார். ரயில்வேயில் லோகோ இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் உண்டு. முன்னாள் டிரைவர்தான் அந்தப் பதவிக்கு வருவார். எஞ்சினில் டிரைவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு வருவார். கைப்பிடியைத் தொட மாட்டார். ஆனால் எந்த இறக்கத்தில் டிரைவருக்கு வயிற்றைக் கலக்கும் என்பது அவருக்குத் தெரியும், அது டிரைவருக்கும் தெரியும். மூலையில் நிற்கும் பழைய சண்டைக்காரரின் நிலையும் அதுவே. சுற்றுகளுக்கு நடுவே கிடைப்பது ஒரே நிமிஷம். மூச்சு வாங்குகிறவன் காதில் இரண்டு வாக்கியம் ஏறினால் பெரிது. யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அதுவும் ஏறும்.

தோல்வியே காணாதவருக்கு மற்றவர் கஷ்டம் எப்படிப் புரியும் என்று கேட்கலாம். அவர் உடம்பு அவரை நன்றாகவே வதைத்திருக்கிறது. முழங்கால் காயங்களும் அறுவை சிகிச்சையுமாக 2014 ஏப்ரலிலிருந்து 2016 ஏப்ரல் வரை இரண்டு வருஷம் கூண்டுப் பக்கமே வர முடியவில்லை. 2017 மார்ச்சில், சுமார் 70 கிலோ எடைப் பிரிவுக்காக உடம்பின் நீரை வற்ற வைத்ததில், எடை மேடைக்குப் போக வேண்டியவர் மருத்துவமனைக்குப் போனார், ஆட்டம் ரத்தாயிற்று. இந்தத் தொழிலில் குத்தைவிடப் பயப்பட வேண்டியது இந்த எடைக் குறைப்புதான். அதன் எல்லை எங்கே என்பதைப் பட்டவர் சொன்னால் இளைஞன் கேட்பான்.

2022 அக்டோபரில், அதே அபுதாபியில், பட்டத்துக்காகச் சார்லஸ் ஒலிவேராவை மகாச்சேவ் சந்தித்தார். பிரேசில்காரரான ஒலிவேரா தரைப் பிடிகளில் மன்னர். அவரோடு தரையில் இறங்காதே என்றுதான் எவரும் புத்தி சொல்வார்கள். மகாச்சேவோ தயங்காமல் அவரைத் தரைக்கே கொண்டுபோனார். இரண்டாம் சுற்றில் ஒரு குத்தில் ஒலிவேரா விழ, கையையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கி முடித்துவிட்டார். தமக்குப் பின் இஸ்லாம்தான் சாம்பியன் என்று அப்பா வெகுநாள் முன்பே போட்ட திட்டம் இது என்றார் ஹபீப்.

பையனை இரண்டு மூன்று வருஷம் தாகெஸ்தானுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுங்கள் என்று அவர் ஒரு முறை சொன்னதை இளவட்டங்கள் வேடிக்கையாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு அதில் அரை மனசுதான். கூடப் பிறந்ததுபோல் இருபது பேர் ஒரே பாயில் வளரும் ஊரில் அந்தக் கண்டிப்பு பலிக்கிறது. அப்படிப் போய், முழங்கால் உடைந்து திரும்பும் பையன்களை யாரும் படம் எடுப்பதில்லை. நம் நகரங்களில் பெட்டிக் கடைபோல் முளைக்கும் எம்.எம்.ஏ. வகுப்புகளுக்குப் பிள்ளையை அனுப்புமுன், சொல்லித் தருகிறவர் தாம் என்றைக்காவது கூண்டில் நின்றவரா, காயம் பட்டால் நிறுத்தச் சொல்வாரா என்று விசாரிப்பது நல்லது.

2023 ஜனவரியில் ஹபீப் இன்னொரு காரியம் செய்தார். சீடர்கள் உச்சியில் இருக்கும்போதே, மனைவி மக்களோடு இருக்க வேண்டும் என்று பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த மாதமே ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மகாச்சேவுக்கு ஆட்டம். எதிராளி அந்நாட்டுக்காரரான வோல்கனோவ்ஸ்கி. அரங்கம் முழுக்க அவர் பக்கம். மூலையில் ஹபீப் இல்லை. இருவருக்கும் பல வருஷம் பயிற்சி தந்த அமெரிக்கரான ஹவியேர் மெண்டெஸ் நின்றார். ஐந்து சுற்றும் போன கடும் ஆட்டம். கடைசிச் சுற்றில் மகாச்சேவ் அடியில் கிடந்து குத்து வாங்கினார். ஆனாலும் மூன்று நடுவர்களும் அவருக்கே வெற்றி கொடுத்தார்கள். பிற்பாடு ஹபீப் சில ஆட்டங்களுக்கு மூலைக்குத் திரும்பி வந்தார். பெர்த் ஆட்டத்தை மகாச்சேவ் அவர் குரல் இல்லாமலே ஆடி முடித்தார்.