இடுப்பில் உட்கார்ந்த சுண்டெலி!

குட்டீஸ்! புதுக்கோட்டைச் சந்தையில் காய்கறி விற்கும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? மீதிச் சில்லறை கேட்டதும் பாட்டியின் கை இடுப்புக்குப் போகும். சேலைச் செருகலிலிருந்து ஒரு சுருக்குப்பை வெளியே வரும். கயிற்றைத் தளர்த்தினால் வாய் திறக்கும். இழுத்தால் கப்பென்று மூடிக்கொள்ளும். உள்ளே காசு இருக்கும், வெற்றிலை பாக்கு இருக்கும், சில சமயம் பேரனுக்கு ஒரு மிட்டாயும் இருக்கும்.

1948-ஆம் ஆண்டு வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்தது அல்லவா? அப்போது இந்தப் பைகளில் 'அம்மன் காசு' கிடந்திருக்கும். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. அவ்வளவும் விரல் நகம் அளவே உள்ள செப்புக் காசில்! திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குப் போனால் மறக்காமல் தேடிப் பாருங்கள்.

சரி, பைக்கு வருவோம். இதே மாதிரி ஒரு பை ஜப்பானிலும் இருந்தது. ஆனால் அங்கே ஒரு சிக்கல். ஜப்பானியர் அணிந்த கிமோனோ அங்கியில் பாக்கெட்டே கிடையாது! காசுப்பை, புகையிலைப்பை, மருந்துச் சிமிழ் எல்லாவற்றையும் ஆண்கள் கயிற்றில் கட்டி, இடுப்பில் சுற்றிய துணிப் பட்டையில்தான் தொங்கவிட வேண்டும். வெறும் கயிற்றைச் செருகினால் நழுவிக் கீழே விழுந்துவிடுமே? அதனால் கயிற்றின் மேல் முனையில் ஒரு சின்னக் கட்டையைக் கட்டினார்கள். பட்டைக்குக் கீழே பை தொங்கும். பட்டைக்கு மேலே கட்டை உட்கார்ந்துகொண்டு அதை நழுவ விடாது.

அந்தக் கட்டைக்குப் பெயர் நெட்சுகே. ஜப்பானிய மொழியில் 'நெ' என்றால் வேர். 'சுகே' என்றால் கட்டுவது, இணைப்பது. பெயரைப் பார்த்தால், முதலில் ஏதோ ஒரு வேர்த்துண்டைக் கட்டியிருப்பார்கள் போலிருக்கிறது!

வெறும் கட்டையைக் கட்டிக்கொண்டு திரிய யாருக்குப் பிடிக்கும்? 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அந்தக் கட்டை எலியானது, முயலானது, குரங்கானது. ஆமை, தவளை, நத்தை, ஆக்டோபஸ் என்று ஒரு மிருகக்காட்சிசாலையே ஜப்பானியர் இடுப்பில் ஏறிக்கொண்டது! எல்லாம் நெல்லிக்காய் அளவு, மிஞ்சினால் எலுமிச்சம்பழ அளவு. கெட்டியான மரம், மான் கொம்பு, காட்டுப்பன்றிக் கோரைப்பல், யானைத் தந்தம் ஆகியவற்றில் செதுக்கினார்கள்.

ஜப்பானில் ஆண்டுக்கு ஒரு விலங்கு உண்டு. எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று 12 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று. உங்களில் 2014-இல் பிறந்தவர்கள் குதிரை. 2016 என்றால்... ஹி ஹி, குரங்கு! இந்த 12 விலங்குகளும் நெட்சுகே சிற்பிகளுக்கு ரொம்பப் பிடித்தமானவை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்து அய்யனார் கோவில்களில் நிற்கும் மண்குதிரைகளை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்த கழுத்து, விறைத்த காது, தூண் மாதிரி நான்கு கால். திறந்தவெளியில் நிற்கிற குதிரை, எப்படி வேண்டுமானாலும் நிற்கலாம். அதையே இடுப்பில் கட்டினால் என்ன ஆகும்? காது துணியில் மாட்டிக் கிழிக்கும். கால் விலாவில் குத்தும். இரண்டே நாளில் வால் உடையும்!

நெட்சுகே செய்கிறவர் குதிரையை வேறு மாதிரி யோசித்தார். நான்கு குளம்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்தார். தலையைக் குனிய வைத்தார். புல் மேய்கிற குதிரை! துருத்திக்கொண்டு நிற்க எதுவுமே இல்லை. எலி தன் வாலைத் தானே சுற்றிக்கொண்டு பந்தாகிவிடும். முயலின் காது முதுகோடு படிந்துவிடும். கயிறு போக இரண்டு துளைகள் வேண்டும். அவற்றையும் கண்ணில் உறுத்தாமல் வயிற்றுப் பக்கம் வைத்துவிடுவார்கள். சில சமயம் காலுக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே துளையாகிவிடும்! திருப்பிப் பார்த்தால் அடியில் பாதங்கள்கூடச் செதுக்கப்பட்டிருக்கும். பட்டையோடு ஒட்டி இருக்கும் பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

கியோட்டோ நகரத்தில் டொமொடாடா என்ற சிற்பி இருந்தார். மாடு செதுக்குவதில் மன்னன்! தச்சங்குறிச்சி வாடிவாசலிலிருந்து பாய்கிற காளை போல அவருடைய மாடு கொம்பை நீட்டிக்கொண்டு வராது. கால்களை மடக்கிப் படுத்து, சாவகாசமாக ஓய்வெடுக்கும். கொம்புகள் உடம்போடு ஒட்டிப் பின்னால் சாய்ந்திருக்கும். 1781-இல் ஒசாகாவில் வெளியான ஒரு நூல் 50-க்கும் மேற்பட்ட நெட்சுகே சிற்பிகளைப் பற்றிச் சொல்கிறது. டொமொடாடா பெயரில் போலி மாடுகள் நிறைய உலவுகின்றன என்று அப்போதே அதில் எழுதியிருக்கிறார்கள். டூப்ளிகேட் தொல்லை இன்று வந்ததல்ல!

1868-க்குப் பிறகு ஜப்பானில் ஐரோப்பிய உடை பரவத் தொடங்கியது. கோட்டும் கால்சட்டையும் பாக்கெட்டுடன் வந்தன. நெட்சுகேக்கு வேலை போயிற்று. கப்பலில் வந்த வெளிநாட்டினர் அவற்றை வாங்கிக் குவித்தார்கள்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர், பாரிஸ் நகரில் வாழ்ந்த சார்லஸ் எஃப்ருசி. 1870-களில் அவர் மொத்தம் 264 நெட்சுகே வாங்கினார். 1899-இல் வியன்னாவில் இருந்த தன் உறவினர் விக்டருக்குத் திருமணப் பரிசாக அத்தனையையும் அனுப்பிவைத்தார். அம்மா அலங்காரம் செய்துகொள்ளும் நேரத்தில், விக்டரின் குழந்தைகள் அலமாரியைத் திறந்து அவற்றை எடுத்து விளையாடுவார்களாம். கொடுத்துவைத்த குழந்தைகள்!

1938-இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. எஃப்ருசிகள் யூதர்கள். அவர்களுடைய மாளிகை, ஓவியங்கள், புத்தகங்கள் எல்லாம் பறிக்கப்பட்டன. வீட்டில் வேலை செய்த அன்னா என்ற பெண்ணை மட்டும், பொருட்களை மூட்டை கட்டுவதற்காக அங்கேயே இருக்கச் சொன்னார்கள். பெரிய ஓவியத்தை யாருக்கும் தெரியாமல் எடுக்க முடியுமா? முடியாது. ஆனால் எலியை? முயலை? ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நெட்சுகேக்களை அன்னா தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார். தன் அறைக்குப் போய் மெத்தைக்குள் ஒளித்தார். போர் முடியும்வரை அதன்மேல்தான் படுத்துத் தூங்கினார்!

1945-இல் அந்த வீட்டுப் பெண் எலிசபெத் திரும்பி வந்தபோது, 264-ஐயும் அவரிடம் ஒப்படைத்தார் அன்னா. ஒன்றுகூடக் குறையவில்லை. எலிசபெத்தின் பேரன் எட்மண்ட் டி வால் இங்கிலாந்தில் மண்பாண்டக் கலைஞர். குடும்பத்தில் சொல்லிவந்த இந்தக் கதையை 2010-இல் புத்தகமாக எழுதினார். அதன் பெயரே ஒரு நெட்சுகேயைப் பற்றியதுதான்: அம்பர் நிறக் கண்கள் கொண்ட தந்த முயல்.

தந்தம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அழகுதான். ஆனால் அதற்காக ஏராளமான யானைகள் உயிரை விட்டன. நம் நாட்டு யானைத் தந்தத்தை விற்பதற்கு 1986-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. 1989-இல் நாடுகளுக்கு இடையிலான தந்த வியாபாரத்துக்கும் தடை போட முடிவெடுத்தார்கள். இன்றும் ஜப்பானில் நெட்சுகே செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மரத்திலும் மான் கொம்பிலும் அருமையாகச் செதுக்குகிறார்கள்.

நீங்களும் ஒன்று செய்து பார்க்கலாமா? கண்மாய்க் களிமண்ணில் ஓர் எலுமிச்சம்பழ அளவு எடுத்துக்கொள்ளுங்கள். கல் இல்லாமல் நன்றாகப் பிசைந்து, ஓர் அணில் செய்யுங்கள். ஈரம் காய்வதற்குள் ஈர்க்குச்சியால் வயிற்றுப் பக்கம் இரண்டு துளைகள் போட்டுவிடுங்கள். நிழலில் நான்கு நாள் காயட்டும். பிறகு கயிறு கோத்து, மறுமுனையில் பாட்டியின் பழைய சுருக்குப்பையைக் கட்டி (கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்!), பெல்ட்டில் செருகிக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வால் உடைந்துவிட்டதா? பரவாயில்லை. அடுத்த அணிலுக்கு வாலை முதுகோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள்.