மருந்தின் வீரியமும் பொதுச்சொத்தே

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் திராட்சைத் தோட்டங்களும் முல்லைப் பெரியாறும்தான் நினைவுக்கு வரும். மருத்துவ வரலாற்றிலும் இப்பள்ளத்தாக்குக்கு ஓர் இடமுண்டு. இங்கு பரவியிருந்த பிளேக் நோயை ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1934-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியானது. பிளேக் கிருமி 1894-இலேயே ஹாங்காங்கில் அடையாளம் காணப்பட்டிருந்தது. எலித்தெள்ளு அதைப் பரப்புவதும் தெரிந்திருந்தது. நோயுற்றவரின் உடலுக்குள் அக்கிருமியைக் கொல்லும் நம்பகமான மருந்துதான் அன்று இல்லை.

அக்குறையை 1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் தீர்த்தது. அதற்கு முன்பே வந்த பென்சிலினுக்குப் பிளேக் கட்டுப்படவில்லை. அதன் காரணத்தை அறிய, நுண்ணுயிரிகள் வகைப்படுத்தப்படும் முறையை அறிய வேண்டும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் ஒரு சாயமேற்றும் முறையை வெளியிட்டார். அதில் ஊதா நிறத்தைத் தக்கவைத்துக் கொள்பவை 'கிராம் பாசிட்டிவ்' பாக்டீரியாக்கள். அதை இழப்பவை 'கிராம் நெகட்டிவ்'. முன்னவற்றுக்குத் தடித்த செல்சுவர் உண்டு. பென்சிலின் தாக்குவது அச்சுவரின் கட்டுமானத்தைத்தான். பின்னவற்றுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு இருப்பதால், பல மருந்துகளால் உள்ளே நுழைய முடிவதில்லை. பிளேக், டைபாய்டு கிருமிகள் இந்த இரண்டாம் வகை. ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சலின் கிருமியோ நம் செல்களுக்குள்ளேயே வாழ்வது. அதற்குப் பென்சிலின் குடும்பம் பயன்படாது; டாக்சிசைக்ளின் பயன்படும். டெங்கு, சாதாரணச் சளி ஆகியவை வைரஸால் வருபவை. அவற்றை எந்த ஆன்டிபயாடிக்கும் குணப்படுத்தாது.

மருந்துகளுக்கும் வகைப்பாடு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது. முதற்கட்டத்தில் தரத்தக்கவை அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின் போன்றவை. கண்காணித்துத் தர வேண்டியவை அசித்ரோமைசின், சிப்ரோபிளாக்சசின் போன்றவை. வேறு வழியில்லாதபோது மட்டும் தருவதற்கென ஒதுக்கப்பட்டவை கொலிஸ்டின் போன்றவை. மொத்தப் பயன்பாட்டில் குறைந்தது 70 சதவீதம் முதல் வகையாக இருக்க வேண்டும் என்பது 2030-க்கான உலக இலக்கு. இந்தியத் தனியார் விற்பனை குறித்த 2019-ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தபோது முதல் வகையின் பங்கு 27 சதவீதம். கண்காணிப்பு வகையின் பங்கு ஏறத்தாழ 55 சதவீதம்.

பொருளாதாரம் பயிற்றுவித்த எனக்கு இது பழகிய சிக்கலாகவே தெரிகிறது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் பெரியாற்று நீரை நம்பியிருக்கிறது. தலைமடைக்காரர் அளவுக்கு மீறி எடுத்தால் கடைமடை காயும். ஆன்டிபயாடிக்கின் வீரியமும் அப்படியே. தேவையின்றி விழுங்கப்படும் ஒவ்வொரு மாத்திரையும், அதை எதிர்த்துத் தாங்கும் கிருமிகளையே எஞ்சவிட்டுப் பெருகச் செய்கிறது. மாத்திரையின் விலையை வாங்குபவர் தருகிறார். வீரியம் குறைவதன் விலையைப் பின்னொரு நாளில் முன்பின் அறியாத வேறொருவர் தருகிறார். எதிர்ப்பாற்றல் பெற்ற பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் நேரடியாக ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

இதற்குத் தனிமனிதரைப் பழித்துப் பயனில்லை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பேறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளிக்கு, மருத்துவரைப் பார்த்துப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பது கூலி இழப்பு. மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது அவருடைய கணக்கில் சரியான முடிவே. அந்தக் கணக்கை மாற்றுவது அரசின் கடமை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள 'எச்1' அட்டவணைப்படி, குறிப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும்; நோயாளி, மருத்துவர் பெயர்களைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சீட்டில்லா விற்பனையைத் தடுக்க 2024-இல் கேரளம் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் சோதனைகள் நடத்தியது. குமுளிக்கு அப்பால் கண்டிப்பும் இப்பால் தளர்வும் இருந்தால் பயனில்லை. கிருமி சோதனைச் சாவடியில் நிற்பதில்லை.

கண்டிப்பு மட்டும் போதாது. க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் இணைக்கப்பட்டு, 'கல்ச்சர்' பரிசோதனை முடிவுகள் விரைந்து கிடைக்க வேண்டும். இம்மாவட்டத்தில் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து இன்னும் பலிக்கிறது என்ற பட்டியல் ஆண்டுதோறும் ஒவ்வொரு மருத்துவரின் மேசைக்கும் வர வேண்டும். மாலைநேர மருத்துவ சேவை விரிந்தால் கூலியை இழக்காமலே தொழிலாளி மருத்துவரைப் பார்க்கலாம்.

வயலையும் மறக்கலாகாது. பிளேக்கை வென்ற ஸ்ட்ரெப்டோமைசின், நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் தெளிக்கப்பட்டு வந்தது. அதற்கு மாற்றாக 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

ஆற்று நீர் குறைந்தால் அடுத்த மழையில் அணை நிரம்பலாம். மருந்தின் வீரியத்துக்கு அப்படியொரு பருவமழை இல்லை; புதிய ஆன்டிபயாடிக்குகள் அரிதாகவே வருகின்றன. 1934-ஐப் போல, கிருமியின் பெயர் தெரிந்தும் கொடுக்க மருந்தில்லாத நிலைக்கு இப்பள்ளத்தாக்கு மீண்டும் சென்றுவிடக் கூடாது.