பால் மெக்கார்ட்னி இறப்பு வதந்தி

பால் மெக்கார்ட்னி இறப்பு வதந்தி என்பது, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றிய பீட்டில்ஸ் இசைக்குழுவின் உறுப்பினரான பால் மெக்கார்ட்னி 1966 நவம்பரில் கார் விபத்தொன்றில் இறந்துவிட்டார் என்றும், அவரைப் போன்ற தோற்றமுடைய வேறொருவர் அவரிடத்தில் அமர்த்தப்பட்டார் என்றும் 1969 இல் பரவிய வதந்தியைக் குறிக்கும். இவ்விறப்பைக் குழுவின் ஏனைய மூவரும் வெளிப்படையாக அறிவிக்காமல், தம் இசைத்தட்டுகளின் மேலுறைப் படங்களிலும் பாடல்களிலும் குறிப்புகளாக மறைத்து வைத்துள்ளனர் என்பதே வதந்தியின் மையக் கருத்து ஆகும். இதனால் ஐக்கிய அமெரிக்காவின் மாணவர்கள் பலர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் நிலைக்கண்ணாடியும் கொண்டு மேலுறைகளை ஆராயத் தொடங்கினர். மெக்கார்ட்னி இறக்கவில்லை. அவர் 1942 சூன் 18 அன்று பிறந்தவர். வதந்தி எழுந்ததற்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் இசைத்துறையில் இயங்கிவந்துள்ளார்.

தோற்றம்

வதந்திக்கு அடிப்படையாக ஓரிரு உண்மை நிகழ்ச்சிகள் இருந்தன. 1965 டிசம்பரில் மெக்கார்ட்னி சிறு மோட்டார் மிதிவண்டியிலிருந்து விழுந்ததில் அவரது பல் உடைந்து உதடு கிழிந்தது. அத்தழும்பை மறைக்கவே அவர் பின்னர் மீசை வளர்த்தார். அவ்விபத்தின்போது உடனிருந்த நண்பர் தாரா பிரவுன் 1966 டிசம்பர் 18 அன்று இலண்டனில் நடந்த கார் விபத்தில் உண்மையாகவே இறந்தார். 1967 சனவரியில், மெக்கார்ட்னி எம்1 நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகி இறந்துவிட்டதாக இலண்டனில் ஒரு பேச்சு எழுந்தது. பீட்டில்ஸ் விசிறிகளுக்கான மாத இதழ் அடுத்த மாதமே அதை மறுத்தது, பேச்சும் அடங்கிற்று.

இரண்டாம் முறை இது தலைதூக்கியது அமெரிக்காவில் ஆகும். 1969 செப்டம்பர் 17 அன்று அயோவா மாநிலத்தின் டிரேக் பல்கலைக்கழக மாணவர் செய்தித்தாள், மெக்கார்ட்னி இறந்துவிட்டாரா என வினவும் கட்டுரையொன்றை வெளியிட்டது. அக்டோபர் 12 அன்று டெட்ராய்ட் நகரின் டபிள்யூ.கே.என்.ஆர். வானொலியில் ரஸ் கிப் என்னும் அறிவிப்பாளரின் நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்த ஒருவர், பீட்டில்சின் "ரெவல்யூஷன் 9" என்னும் ஒலித்தொகுப்பைப் பின்னோக்கிச் சுழற்றிக் கேட்குமாறு கூறினார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டவர்களுள் பிரெட் லபூர் என்னும் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவரும் ஒருவர். "அபே ரோடு" இசைத்தட்டுக்கு மதிப்புரை எழுதும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அக்டோபர் 14 அன்று மாணவர் இதழான "மிச்சிகன் டெய்லி"யில் அவர் மதிப்புரைக்குப் பதிலாக மெக்கார்ட்னியின் இறப்பைப் பற்றிய "சான்றுகளை" அடுக்கி எழுதினார். அவற்றுட் பலவற்றை அவர் நகைச்சுவைக்காகத் தாமே புனைந்தார். மெக்கார்ட்னிக்குப் பதிலாக வந்தவரெனக் கூறப்படும் "வில்லியம் கேம்பெல்" என்ற பெயரும் அவரது கற்பனையே ஆகும். ஆயினும் சில நாட்களுக்குள் நாடெங்கும் உள்ள செய்தித்தாள்களும் வானொலிகளும் இவற்றை எடுத்தாண்டன.

மேலுறைகளில் தேடப்பட்ட குறிப்புகள்

1967 இல் வெளியான "சார்ஜென்ட் பெப்பர்" இசைத்தட்டின் மேலுறையே தேடுவோருக்குப் பெருஞ்சுரங்கமாக அமைந்தது. ஓவியர்கள் பீட்டர் பிளேக், ஜான் ஹாவொர்த் ஆகியோர் வடிவமைத்த இவ்வுறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புகழ்பெற்றோரின் உருவங்கள் நெருக்கமாக நிற்கின்றன. முன்னால் பூக்களால் ஆன பாத்தி உள்ளது. இது புதைகுழி எனவும், சுற்றி நிற்போர் இறுதிச் சடங்குக்கு வந்தோர் எனவும் கூறப்பட்டது. கறுப்பு உடையணிந்து கீழ்நோக்கி நிற்கும் பீட்டில்சின் மெழுகுச் சிலைகள் துக்கம் கொண்டாடுவோர் ஆயின. அவை மேடம் டுசாட் காட்சியகத்திலிருந்து இரவல் பெறப்பட்டவை. மஞ்சள் பூக்களாலான வடிவம் இடக்கைப் பழக்கமுடைய மெக்கார்ட்னியின் பேஸ் கிதார் எனப்பட்டது. அவர் தலைக்கு மேல் விரிந்திருக்கும் கை சாவின் அடையாளம் எனப்பட்டது. அக்கை ஐசி பான் என்னும் பிரித்தானிய நகைச்சுவைக் கலைஞருடையது. அவர் படத்தில் கையை உயர்த்தியிருந்தார், அவ்வளவே.

பின்னுறையில் ஏனைய மூவரும் முகம் காட்ட, மெக்கார்ட்னி மட்டும் முதுகைக் காட்டி நிற்கிறார். நிற்பவர் வேறொருவர் என்பதால்தான் முகம் மறைக்கப்பட்டது என்று வாதிட்டனர். அதே உறையை விரித்தால், உட்புறத்தில் அவர் முகம் பெரிதாகத் தெரிகிறது என்பதை இவ்வாதம் பொருட்படுத்தவில்லை. உட்புறப் படத்தில் அவரது சட்டைக் கையிலுள்ள முத்திரைப் பட்டையும் ஒரு குறிப்பாயிற்று. அதில் "ஓ.பி.டி." என்னும் எழுத்துகள் இருப்பதாகவும், அவை இறந்தவராக அதிகாரமுறையில் அறிவிக்கப்பட்டவர் என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் எனவும் கூறினர். உண்மையில் அது கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் காவல்துறையின் பட்டை, எழுத்துகள் "ஓ.பி.பி." ஆகும். துணியின் மடிப்பால் கடைசி எழுத்து மாறித் தெரிகிறது.

இவ்வுறையின் நடுவிலுள்ள முரசின் எழுத்துகளுக்குக் குறுக்கே நிலைக்கண்ணாடியை வைத்தால், 11, 9 என்னும் எண்களும் "அவர் இறக்கிறார்" எனப் பொருள்படும் சொற்களும் தோன்றும் என்பது மிகவும் புகழ்பெற்ற "கண்டுபிடிப்பு". இதை நவம்பர் 9 எனக் கொண்டனர். ஆனால் மாதத்தை முதலில் எழுதுவது அமெரிக்க வழக்கம். பிரித்தானியரின் முறைப்படி 11-9 என்பது செப்டம்பர் 11 ஆகும். குறிப்பை வைத்ததாகச் சொல்லப்படுவோர் பிரித்தானியர், படித்தவர்கள் அமெரிக்கர்.

அதே ஆண்டின் "மாஜிக்கல் மிஸ்டரி டூர்" உறையில் மூவர் வெண்ணிற விலங்கு வேடத்திலும் ஒருவர் கறுப்பு வால்ரஸ் வேடத்திலும் காணப்படுகின்றனர். "வால்ரஸ்" என்பது கிரேக்க மொழியில் பிணத்தைக் குறிக்கும் என்ற கூற்று பரவியது. அப்படியொரு கிரேக்கச் சொல் இல்லை. ஆங்கிலத்துக்கு இச்சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. ஜான் லெனன் தம் பழைய பள்ளியில் பீட்டில்ஸ் பாடல்களுக்கு மாணவர்கள் பொருள் விளக்கம் எழுதுவதாக அறிந்து, எவராலும் விளக்க முடியாதவாறு வேண்டுமென்றே எழுதிய பாடலிலிருந்து வந்ததே இந்த வால்ரஸ். அடுத்த ஆண்டு வெளியான "கிளாஸ் ஆனியன்" பாடலில், பொருள் தேடுவோரைக் கேலி செய்து, வால்ரஸ் பால்தான் என்றும் அவர் எழுதினார். கேலியும் சான்றாகவே கொள்ளப்பட்டது.

அபே ரோடு

1969 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தில் வெளியான "அபே ரோடு" உறையில் நால்வரும் பாதசாரிகள் கடவையில் வரிசையாகச் சாலையைக் கடக்கின்றனர். இது சவ ஊர்வலம் எனப்பட்டது. வெண்ணிற உடையில் முன்செல்லும் லெனன் சமயகுரு. கறுப்பு உடையில் ரிங்கோ ஸ்டார் ஈமக்கடன் நடத்துபவர். முரட்டுத் துணி உடையில் ஜார்ஜ் ஹாரிசன் குழி வெட்டுபவர். வெறுங்காலுடன் நடக்கும் மெக்கார்ட்னி பிணம். அவர் மட்டும் நடையின் தாளம் தப்பி மற்றக் காலை எடுத்து வைக்கிறார். இடக்கைப் பழக்கமுடையவராயிருந்தும் வலக்கையில் சிகரெட் வைத்திருக்கிறார்.

இப்படம் எடுக்கப்பட்ட விதம் தெளிவாக அறியப்பட்டது. 1969 ஆகஸ்ட் 8 அன்று முற்பகலில், ஒலிப்பதிவுக் கூடத்திற்கு வெளியே, காவலர் ஒருவர் போக்குவரத்தை நிறுத்தி வைத்திருக்க, இயன் மக்மில்லன் நடுச்சாலையில் ஏணி மீது நின்று ஆறு படங்கள் எடுத்தார். முதலிரண்டு படங்களில் மெக்கார்ட்னி காலணி அணிந்திருக்கிறார். வெயில் மிகுதியால் பின்னர் கழற்றிவிட்டார். ஆறனுள் ஐந்தாவதை மெக்கார்ட்னியே தேர்ந்தெடுத்தார். முதலிரண்டில் ஒன்றைத் தேர்ந்திருந்தால் பிணத்தின் கால்களில் காலணி இருந்திருக்கும்.

படத்தின் இடப்புறம் நிற்கும் வெள்ளை வோக்ஸ்வாகன் காரின் எண் "எல்.எம்.டபிள்யூ. 281எஃப்". இதிலுள்ள 1 என்னும் இலக்கத்தை ஆங்கில "ஐ" எழுத்தாகப் படித்து, "28, இருந்திருந்தால்" எனப் பொருள் கொண்டனர். ஆனால் அவ்விசைத்தட்டு வெளியானபோது மெக்கார்ட்னிக்கு 27 வயதே நிறைந்திருந்தது. கிழக்கத்திய நாடுகளில் கருவிலிருக்கும் காலத்தையும் சேர்த்து எண்ணுவர் என்று கூறி இக்குறை சரிசெய்யப்பட்டது. தமிழில் "இருபத்தெட்டு நடக்கிறது" என்பது போன்ற வழக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் எளிதாக இருந்திருக்கும். உண்மையில், எண்ணின் இறுதியிலுள்ள "எஃப்" 1967 ஆகஸ்ட் முதல் 1968 சூலை வரை பதிவான வண்டிகளுக்கு உரிய எழுத்து. கார் அப்பகுதியில் குடியிருந்த ஒருவருடையது. இசைத்தட்டு வெளியான பின்னர் அதன் எண் பலகை பலமுறை திருட்டுப் போயிற்று.

முரண்பாடுகள்

குறிப்புகளைத் தனித்தனியே பார்க்கையில் வியப்புத் தோன்றினும், ஒன்றாக வைத்தால் அவை ஒன்றையொன்று மறுக்கின்றன. "எல்.எம்.டபிள்யூ." என்பது "லிண்டா மெக்கார்ட்னி அழுகிறார்" என்பதன் சுருக்கம் எனப்பட்டது. லிண்டா மெக்கார்ட்னியை முதன்முதலில் சந்தித்தது 1967 மே மாதம். மணந்தது 1969 மார்ச்சு மாதம். 1966 இல் இறந்தவருக்காக அவர் அழ வேண்டியதில்லை. அதேபோல், "யெஸ்டர்டே அண்டு டுடே" உறையில் மெக்கார்ட்னி பெட்டியொன்றினுள் அமர்ந்திருப்பது சவப்பெட்டியைக் குறிக்கும் எனப்பட்டது. அவ்வுறை 1966 சூனில் வெளிவந்தது. அதாவது இறப்பு நிகழ்ந்ததாகக் கூறப்படுவதற்கு ஐந்து மாதங்கள் முன்னர்.

மறுப்பு

பீட்டில்சின் ஆப்பிள் நிறுவனம் அக்டோபரில் வதந்தியை மறுத்தது. மறுப்பைப் பலரும் மறைப்பு முயற்சியாகவே கருதினர். நவம்பர் 30 அன்று நியூயார்க் தொலைக்காட்சியில், புகழ்பெற்ற வழக்கறிஞர் எஃப். லீ பெய்லி சாட்சிகளை விசாரிக்கும் நீதிமன்றம் போன்றதொரு நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. அதில் பங்கேற்ற லபூர், குறிப்புகளைத் தாமே புனைந்ததாகப் பதிவுக்கு முன்னரே பெய்லியிடம் தெரிவித்துவிட்டார். ஆயினும் நிகழ்ச்சி நடத்தப்பட்டது.

மெக்கார்ட்னி அப்போது ஸ்காட்லாந்திலுள்ள தம் பண்ணையில் குடும்பத்துடன் தங்கியிருந்தார். அங்கு வந்த "லைஃப்" இதழினர் மீது முதலில் சினந்து வாளி நீரை வீசினார். பின்னர் அக்காட்சி பதிந்த படச்சுருளைப் பெற்றுக்கொண்டு நேர்காணலுக்கு இசைந்தார். நவம்பர் 7 இதழின் அட்டையில் குடும்பத்துடன் அவரது படம் வெளியாயிற்று. பட்டை கனடாவில் கிடைத்தது, வெயிலால் வெறுங்காலுடன் நடந்தது, சிவப்பு மலர் தீர்ந்துபோனதால் கறுப்பு மலர் அணிந்தது என ஒவ்வொன்றுக்கும் அவர் விடை கூறினார். தேடுவோர் அவ்வட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தனர். மறுபக்க விளம்பரத்திலிருந்த கார் அவர் உடலின் குறுக்கே தெரிந்தது. அதுவும் ஒரு குறிப்பாயிற்று.

அதே நேர்காணலில் மெக்கார்ட்னி, பீட்டில்ஸ் என்பது முடிந்துவிட்டது என்று நேரடியாகவே கூறியிருந்தார். லெனன் குழுவிலிருந்து விலகும் முடிவை செப்டம்பர் 20 அன்றே மற்றவர்களிடம் தெரிவித்திருந்தார். அது வெளியுலகுக்குத் தெரியாது. அபே ரோடு உறையில் நால்வரும் தாம் பாடிய ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு விலகியே நடக்கின்றனர். எழுத்தெழுத்தாக உறைகளை ஆராய்ந்தவர்கள், அச்சில் வெளிவந்த இவ்வாக்கியத்தைக் கவனிக்கவில்லை. குழு பிரிந்த செய்தி 1970 ஏப்ரல் 10 அன்று நாளிதழ்களில் வந்தபோது அது பேரதிர்ச்சியாக அமைந்தது.

பரவியதற்கான காரணங்கள்

1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த நிகழ்ச்சியுடன் பீட்டில்ஸ் சுற்றுப்பயணங்களை நிறுத்திக்கொண்டது. அதன்பின் அமெரிக்க இரசிகர்கள் அவர்களை நேரிற் காண இயலவில்லை; ஏறத்தாழ 30 செ.மீ. சதுரமான மேலுறையே அவர்களை அடையும் வழியாயிற்று. கென்னடி கொலை விசாரணை, வியட்நாம் போர் ஆகியவற்றால் அதிகாரமுறை அறிவிப்புகள் மீது இளைஞர்களுக்கு நம்பிக்கை குறைந்திருந்த காலமும் அது. தொடர்பற்றவற்றில் தொடர்பையும் பொருளையும் காணும் மனப்போக்கை செருமானிய உளமருத்துவர் கிளவுஸ் கொன்ராட் 1958 இல் "அப்போபீனியா" எனப் பெயரிட்டு விளக்கியிருந்தார். எனினும் தேடியோரில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். நண்பர்கள் கூடி ஒருவருக்கொருவர் குறிப்புக் காட்டும் விளையாட்டாகவும் இது இருந்தது.

பிற மேலுறைகள்

உண்மை இறப்புகளுடன் தொடர்புற்ற மேலுறைகளும் உண்டு. லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் "ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்" 1977 அக்டோபர் 17 அன்று, உறுப்பினர்களைத் தீப்பிழம்புகள் சூழ்ந்த உறையுடன் வெளியானது. மூன்றாம் நாள் அவர்களது விமானம் மிசிசிப்பியில் வீழ்ந்து, பாடகர் ரொனி வான் சாண்ட், கிதார் கலைஞர் ஸ்டீவ் கெயின்ஸ், அவர் தமக்கை கேசி உள்ளிட்ட அறுவர் இறந்தனர். ஸ்டீவ் கெயின்சின் மனைவியின் வேண்டுகோளால் தீயற்ற கறுப்புப் பின்னணி கொண்ட உறை அச்சிடப்பட்டது. அங்கே எவரும் எதையும் மறைத்து வைக்கவில்லை.

டேவிட் போவியின் "பிளாக்ஸ்டார்" இதற்கு மாறானது. புற்றுநோயை வெளியே சொல்லாதிருந்த போவி, 2016 சனவரி 8 அன்று அதை வெளியிட்டு இரு நாட்களில் இறந்தார். ஜொனாதன் பார்ன்புரூக் வடிவமைத்த அதன் கறுப்பு உறையை வெயிலில் பிடித்தால் விண்மீன் கூட்டம் தெரியும் என்பதை அவ்வாண்டு மே மாதத்தில் இரசிகர்கள் கண்டறிந்தனர்.

பிற்காலம்

1993 இல் மெக்கார்ட்னி தம் நேரடி நிகழ்ச்சிப் பதிவு ஒன்றுக்கு, "பால் உயிருடன்" எனவும் பொருள்படுமாறு "பால் இஸ் லைவ்" எனப் பெயரிட்டார். அதன் உறைக்காக அதே மக்மில்லன் அதே கடவையில் அவரைப் படம் எடுத்தார். மெக்கார்ட்னி காலணி அணிந்து, நாயின் கயிற்றை இடக்கையில் பிடித்தபடி கடக்கிறார். வோக்ஸ்வாகனின் எண் பலகையில் 51 என்னும் எண்ணும், "இருக்கிறார்" என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும் காணப்படுகின்றன. அப்போது அவருக்கு வயது 51. அக்கடவை 2010 டிசம்பரில் இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.