மின்சாரப் பெட்ரோல் பம்பின் பழுதறியும் முறை

சிம்மக்கல் வீதி நெருக்கத்தில் மோட்டார் சைக்கிள் திடீரென நின்றுவிடின், "பம்பு போயிற்று" எனத் தீர்ப்புக் கூறிப் புதியது வாங்க விரைவோர் பலர். ஆராயாத தீர்ப்பு கைப்பொருளை வீணாக்கும்.

முன்னாளில் பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்கிற்று. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின், டாங்கியினுள் அமைந்த மின்சாரப் பம்பே பெரும்பாலான புதிய வண்டிகளில் அதனை அழுத்தத்துடன் இன்ஜெக்டருக்குச் செலுத்துகின்றது.

நாம் முதற்கண் நோக்கற்பாலன டாங்கியிற் பெட்ரோலும், கைப்பிடியிலுள்ள எஞ்சின் நிறுத்தும் சுவிட்சுமாம். பின்னர்ச் சாவியைத் திருப்பிச் செவிசாய்த்தல் வேண்டும். ஓரிரு விநாடி மெல்லிய ரீங்காரம் எழுமாயின் பம்பு சுழல்கின்றது. எழாதாயின் பாட்டரி, பியூஸ், ரிலே, கனெக்டர் ஆகியவற்றை முறையே சோதிக்க. சாவி திருப்பிய அக்கணத்தில் பம்பின் முனையில் ஏறத்தாழ 12 வோல்ட் வந்து, எர்த் கம்பியும் செவ்விதாயிருந்தும் சுழலாதாயின், பழுது பம்பினதே. மின்சாரமே வாராதாயின் குற்றம் வழியில் உளது. பம்பின்மேற் பழி சுமத்தலாகாது.

ஒலியெழுந்தும் எஞ்சின் ஓடாதாயின், அழுத்தமானி கொண்டு அளத்தல் வேண்டும். தயாரிப்பாளர் குறித்த அளவினும் அழுத்தம் குறையின், அடைபட்ட வடிகட்டி, கசியும் குழாய், பழுதுற்ற ரெகுலேட்டர், தேய்ந்த பம்பு என்பவற்றுள் ஒன்றே காரணமாகலாம். அழுத்தம் சரியாயின், இன்ஜெக்டரையும் பிளக்கையும் நோக்குக. பெட்ரோல் ஆவி கடிதில் தீப்பற்றுமாதலின், குழாயைக் கழற்றுதல் பயின்ற மெக்கானிக்கின் தொழில்.

பம்பைக் குளிர்விப்பதும் பெட்ரோலே. ஆதலின் டாங்கியை வறளவிடாமை நன்று. காரணம் அறிந்து பரிகாரம் தேடுதல் வண்டிக்கு மட்டுமன்று, கற்றார் எவர்க்கும் உரிய நெறியாம்.