மாடித் தோட்டத்துக்கு மண்ணும் உரமும்: கடைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி

ஆடி பிறந்துவிட்டால் நம் கடைகளுக்கு வரும் மளிகைச் சீட்டின் கடைசியில் ஒரு வரி கூடுகிறது. "செடிக்கு உரம் ஏதாவது." என்ன உரம், எத்தனை கிலோ என்று எழுதுவதில்லை. அதை நாம்தான் முடிவு செய்து கொடுக்க வேண்டும் என்பது வாடிக்கையாளரின் எண்ணம். துவரம் பருப்பில் முதல் ரகம், இரண்டாம் ரகம் சொல்லிக் கொடுப்பவர்கள் இதையும் சொல்வார்கள் என்று நம்பிக் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியாக இருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள ஒரு சம்பவம் காரணமாயிற்று.

அனுப்பர்பாளையத்தில் எங்கள் கடையில் பல வருடங்களாக மாதச் சரக்கு வாங்கும் பாத்திரப் பட்டறைக்காரர் ஒருவர் வீட்டு அம்மா, தக்காளி, மிளகாய், பீன்ஸ் போட ஆசைப்பட்டார். கோகோபித் என்று சொல்லும் தென்னை நார்க் கழிவுக் கட்டி இரண்டும், கடலைப் புண்ணாக்கு இரண்டு கிலோவும் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து ஒரு தக்காளி இலையைக் கையோடு கொண்டு வந்து மேசை மேல் வைத்தார். இலையின் ஓரம் முழுவதும் தீய்ந்து பழுப்பாக இருந்தது. பீன்ஸ் முளைத்து நான்கு இலை விட்டதோடு சரி. உரம் போதவில்லை போலும் என்று மேலும் ஒரு கிலோ புண்ணாக்கு கொடுத்து அனுப்பினோம். அடுத்த பதினைந்து நாளில் மிச்சமிருந்த செடிகளும் போயின. அந்த அம்மா எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதச் சீட்டு வேறு கடைக்குப் போய்விட்டது.

தவறு எங்கே என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது. செடிகளுக்கு ஊற்றியது வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர். நம் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பது யாருக்கும் புதிய செய்தியல்ல. இயல்பாகவே சில இடங்களில் உவர்ப்பு உண்டு. அதன் மேல் சாயத் தொழிலின் உப்பு நொய்யலிலும் நிலத்திலும் பல வருடங்கள் சேர்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவு வெளியேற்றம் அறவே நிற்கும் வரை சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது அனைவருக்கும் நினைவிருக்கும். மண்ணில் இறங்கிவிட்ட உப்பு ஓர் உத்தரவில் கரைந்து போய்விடுவதில்லை.

உப்பு நீரில் நிற்கும் செடிக்குத் தண்ணீர் இருந்தும் தாகம். வேரைச் சுற்றி உப்பு கூடக் கூட, வேரால் நீரை இழுக்க முடிவதில்லை. அதில் உரம் போட்டால் என்ன ஆகும்? உரமும் கரைந்தால் உப்புதான். நாங்கள் கொடுத்த கூடுதல் புண்ணாக்கு, தாகத்தில் இருந்தவனுக்கு ஊறுகாய் கொடுத்த கதையாயிற்று.

ஆகவே உரம் கேட்பவரிடம் முதலில் "என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது, கல்லாப் பக்கத்தில் ஒன்று வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் பாட்டிலில் கொண்டு வரும் தண்ணீரை அங்கேயே பார்த்துச் சொல்லலாம். பாசன நீருக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை கவலையில்லை, 450 முதல் 2000 வரை செடியின் ரகம் பார்த்துக் கவனமாக ஊற்ற வேண்டும், 2000க்கு மேல் போனால் பெரும்பாலான காய்கறிக்கு ஆகாது. பீன்ஸ் உப்பைக் கொஞ்சமும் தாங்காது. மிளகாயும் அப்படித்தான், பீன்ஸை விடச் சற்றே பரவாயில்லை. தக்காளி ஓரளவு பொறுக்கும். பீட்ரூட் நன்றாகவே தாங்கும். இதைச் சொல்லி விதைப் பாக்கெட்டைக் கொடுத்தால் புதிதாகத் தொடங்குபவருக்குப் பாதி வேலை முடிந்தது. குழாயில் வரும் ஆற்றுக் குடிநீரில் ஒரு வாளி, அல்லது பிடித்து வைத்த மழை நீர், இவைதான் நல்லது. வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதில் கழியும் நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் உப்பு முழுவதும் சேர்ந்திருப்பது அந்த நீரில்தான்.

அடுத்தது மண். நம் பக்கத்துச் செம்மண் நல்ல மண்தான். சுக்கான் கல் கலந்த வெளிறிய மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு மிகுதி. அதில் இரும்புச் சத்து செடிக்கு எட்டாது, இளம் இலை வெளுத்துவிடும். பட்டறை ஓரத்து மண்ணை மட்டும் யாரும் தொட்டியில் போட வேண்டாம். பித்தளையில் உள்ள செம்பும் துத்தநாகமும் செடிக்கு இம்மியளவே வேண்டும். மிகுந்தால் வேரைக் கெடுக்கும்.

வெறும் மண் தொட்டியில் இறுகிவிடும், மாடிக்கும் பாரம். அதனால்தான் நார்க் கழிவு சேர்க்கிறார்கள். 2013இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் தளைகள் கொடுக்கத் தொடங்கிய பிறகு இந்தச் சரக்கு எல்லாருக்கும் பழக்கமாயிற்று. ஐந்து கிலோ கட்டி ஒன்று நீரில் ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டருக்கு உப்பும். கொள்முதல் செய்யும்போது கழுவிய சரக்கா, கழுவாத சரக்கா என்று கேளுங்கள். கழுவாததில் உப்பு இருக்கும். விலை குறைவு என்று வாங்கி வைத்தால் அவப்பெயர் நமக்கு. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியச் சொல்ல வேண்டும். உப்புக் கிணற்று நீரில் அலசுவது அலசாததற்குச் சமம். மண் ஒரு பங்கு, அலசிய நார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. தொடக்கத்துக்கு இது போதும்.

இனி நம் சரக்கான புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறத்தாழ 7 சதவீதம், எள்ளுப் புண்ணாக்கில் 6, வேப்பம் புண்ணாக்கில் 5, தேங்காய்ப் புண்ணாக்கில் 3. கடலை விரைவில் வேலை செய்யும், அதே வேகத்தில் அதிகமும் ஆகிவிடும். புதிதாகச் செய்பவருக்கு வேப்பம் புண்ணாக்கே நல்லது. மெதுவாகக் கரையும், வேரைத் தாக்கும் நூற்புழுவையும் கட்டுப்படுத்தும். தொட்டிக்கு ஒரு கைப்பிடி, மாதம் ஒரு முறை. கடலைப் புண்ணாக்குதான் வேண்டும் என்பவருக்கு, மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: வீட்டில் கிடக்கும் பித்தளை அண்டாவில் ஊறவைக்க வேண்டாம். புளித்த கரைசல் செம்பை இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் வாளி போதும்.

ஆமணக்குப் புண்ணாக்கும் செடிக்கு நல்ல உரமே. ஆனால் அது மாட்டுக்கு விஷம். அதே தராசில், அதே மூட்டை வரிசையில் மாட்டுத் தீவனப் புண்ணாக்கும் விற்பவர்கள் அதை வாங்கி வைக்காமல் இருப்பதே உத்தமம்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. யூரியா, டி.ஏ.பி., 19:19:19 போன்றவற்றை மூட்டை பிரித்துக் கால் கிலோ பொட்டலமாக்கித் தொங்கவிடும் கடைகளைப் பார்க்கிறோம். 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரம் விற்க வேளாண்மைத் துறையின் அனுமதி தேவை. மண்புழு உரமும் அந்த ஆணையின் பட்டியலில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பூச்சி மருந்துக்கு 1968ஆம் ஆண்டின் சட்டப்படி தனி உரிமம். மாதம் இருநூறு ரூபாய் லாபத்துக்காக ஒரு வழக்கைக் கடைக்குள் அழைத்து வர வேண்டாம். அனுமதி பெற்ற உரக் கடையைக் கைகாட்டி விடலாம்.

பட்டறைக்கார அம்மா வீட்டுக்குப் பிறகு நாங்களே போனோம். மீட்டரில் கிணற்று நீர் 2400 காட்டியது. பழைய கலவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து கொடுத்தோம், பணம் வாங்கவில்லை. பீன்ஸை விட்டுவிட்டு தக்காளியும் பீட்ரூட்டும் போட்டார். தண்ணீர் ஆற்றுக் குழாயில் தினம் ஒரு வாளி. கார்த்திகையில் தக்காளி பழுத்தது. மாதச் சீட்டு தை மாதம் திரும்பி வந்தது. அதன் கடைசி வரியில் வேப்பம் புண்ணாக்கு அரைக் கிலோ என்று பெயர் சொல்லி எழுதியிருந்தது.