மறைப்பு (கலப்பு மெய்ம்மை)

கலப்பு மெய்ம்மையில் மறைப்பு அல்லது மாஸ்க் என்பது, பார்ப்பவரின் காட்சிப் பரப்பில் எந்தப் பகுதியில் உண்மை உலகம் தெரிய வேண்டும், எந்தப் பகுதியில் கணினி உருவாக்கிய மெய்நிகர் உலகம் தெரிய வேண்டும் என்பதை வரையறுக்கும் பரப்பு ஆகும். ஊர்தி ஓட்டப் பழகும் ஒருவர் தலையணித் திரையை அணிந்துகொண்டு ஒரு சிமுலேட்டரில் அமர்ந்திருக்கும்போது, தன் கைகளையும் விசைகளையும் உள்ளபடியே காண்பதும், முன்கண்ணாடிக்கு அப்பால் அங்கு இல்லாத ஒரு சாலையைக் காண்பதும் மறைப்பினாலேயே இயல்கிறது. மறைப்பு பிழையாக அமைந்தால் கை மணிக்கட்டோடு வெட்டுண்டது போலத் தெரியும். அல்லது சாலையின் நடுவே அறையின் சுவர் எட்டிப் பார்க்கும்.

கலப்பு மெய்ம்மை என்னும் கருத்தை 1994 ஆம் ஆண்டில் பால் மில்கிராம், ஃபூமியோ கிஷினோ ஆகிய இருவரும் தமது கட்டுரையொன்றில் வரையறுத்தனர். முழுவதும் உண்மையான சூழல் ஒரு முனை, முழுவதும் மெய்நிகரான சூழல் மறு முனை. இடைப்பட்டவை கலப்பு மெய்ம்மை என்பது அவர்களது வகைப்பாடு.

பெயர்

மாஸ்க் என்பதை முகமூடி என மொழிபெயர்ப்பது இங்கே பொருந்தாது. முகமூடி அணிந்தவரை மறைக்கிறது. இதுவோ அணிந்தவருக்கு எதிரே உள்ளதை மறைக்கிறது. சென்னைத் திரைப்படக் கூடங்களில் ஒளிப்படக்கருவியின் வில்லைக்கு முன் வைக்கப்பட்ட கறுப்பு அட்டைக்கு மாஸ்க் என்ற பெயர் நெடுங்காலமாக வழங்கியது. இன்றைய கணினிச் சொல்லும் அதே பொருளில்தான் வருகிறது. பெயர் மறைப்பு என்றிருந்தாலும், தலையணி கண்ணை முன்னமே முழுவதும் மூடிவிடுவதால், அதில் ஒரு திறப்பை உண்டாக்குவதே பல நேரங்களில் இதன் வேலை எனலாம்.

திரைப்படத்தில் மறைப்பு

இரண்டு காட்சிகளை ஒரு சட்டகத்துள் சேர்க்கும் முறை திரைப்படத்தின் தொடக்க காலத்திலேயே அறியப்பட்டது. பிரான்சு நாட்டின் ஜார்ஜ் மெலியே 1898 இல் எடுத்த குறும்படமொன்றில், தன் தலையைத் தானே கழற்றி மேசை மேல் வைப்பது போலக் காட்டினார். தமிழில் இம்முறைக்குப் பெரிதும் இடமளித்தவை இரட்டை வேடப் படங்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்சு தயாரித்த உத்தம புத்திரன் (1940) படத்தில் பி. யு. சின்னப்பாவும், ஜெமினி நிறுவனத்தின் அபூர்வ சகோதரர்கள் (1949) படத்தில் எம். கே. ராதாவும் இரட்டை வேடங்களில் நடித்தனர். இவற்றுள் முதற்படம் இரும்பு முகமூடி மனிதன் கதையைத் தழுவியது என்பது ஒரு சுவையான பொருத்தம்.

மாஸ்க் ஷாட் எடுக்கும் முறை வருமாறு. ஒளிப்படக்கருவி அசையாதபடி கனத்த தாங்கியில் நிறுத்தப்படும். வில்லையின் வலப்பாதி மறைக்கப்பட்டு, நடிகர் இடப்பாதியில் நடிப்பது பதிவாகும். பின்னர் படச்சுருளைத் தொடங்கிய சட்டகத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, இடப்பாதியை மறைத்து, வேறு உடையில் அதே நடிகர் வலப்பாதியில் நடிப்பார். இரண்டு பதிவுக்கும் இடையே கருவி சிறிதளவு நகர்ந்தாலும், ஒளி சற்று மாறினாலும், இணைப்புக் கோடு திரையில் தெரிந்துவிடும்; முதற்பாதி நடிப்பும் சேர்ந்தே வீணாகும். ஆகவே இணைப்புக் கோட்டைத் தூண், கதவு நிலை, சுவர் விளிம்பு ஆகியவற்றின் மேல் விழுமாறு அமைப்பது வழக்கம். நடிகர் அக்கோட்டைத் தாண்டிக் கையை நீட்டக் கூடாது. நீட்டினால், கோட்டுக்கு அப்பாற்பட்ட கை பதிவாகாது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் தலையணி அணிந்தவரின் கை மறைப்பு விளிம்பில் காணாமற்போவதும் இதே குறைபாடே ஆகும்.

அசையும் உருவத்தைத் தொடர்ந்து செல்லும் மறைப்பும் பின்னர் வந்தது. மைசூரைச் சேர்ந்த சாபு நடித்த தீஃப் ஆஃப் பாக்தாத் (1940) படத்தில் நீலத் திரையைக் கொண்டு இதனைச் செய்த லாரன்சு பட்லர் அதற்காக ஆசுக்கர் விருது பெற்றார். தமிழில் ஜீன்ஸ் (1998), எந்திரன் (2010) போன்ற படங்களில் ஒரே நடிகர் பலராகத் தோன்றும் காட்சிகளில் அட்டையின் இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டது.

செயற்பாடு

கணினியில் மறைப்பு என்பது ஒவ்வொரு படவணுவுக்கும் வழங்கப்படும் ஓர் எண் ஆகும். எண் 0 எனில் உண்மைக் காட்சி, 1 எனில் மெய்நிகர்க் காட்சி, 0.5 எனில் இரண்டும் சமமாகக் கலந்த தோற்றம். ஆல்ஃபா எனப்படும் இவ்வெண்ணை நிறத்துடன் சேர்த்தே சேமிக்கும் முறையை எட் கேட்மல், ஆல்வி ரே சிமித் ஆகியோர் 1970களின் இறுதியில் உருவாக்கினர். படங்களை இதைக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதற்கான கணிதத்தைத் தாமசு போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் 1984 இல் வெளியிட்டனர். 2019 இல் வெளியான ஓப்பன்எக்ஸ்ஆர் தரநிலையும் மூன்று கலப்பு முறைகளைக் குறிப்பிடுகிறது: உண்மை உலகம் தெரியாத முறை, ஒளியைக் கூட்டும் முறை, ஆல்ஃபாவினால் கலக்கும் முறை.

கலப்பு முறை தலையணியின் வகையைப் பொறுத்தது. மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்சு போன்ற ஒளி ஊடுருவும் தலையணிகளில் கண் நேரடியாக உலகைக் காண்கிறது; திரை அதன்மேல் ஒளியைச் சேர்க்க மட்டுமே இயலும். எனவே அவற்றில் கறுப்பு நிறம் என்பதே இல்லை. கறுப்பாக வரையப்பட்ட இடத்தில் உண்மை உலகம் தெரியும். அதாவது கறுப்பே அங்கு மறைப்பு. இத்தகைய தலையணியில் ஒளிமிக்க சன்னலைக் கரிய உருவத்தால் மூட முடியாது. 2022 இல் வந்த மேஜிக் லீப் 2 இக்குறையைக் குறைக்கக் காட்சியின் பகுதிகளை மங்கச் செய்யும் அடுக்கு ஒன்றைச் சேர்த்தது. வார்யோ எக்ஸ்ஆர் வரிசை, மெட்டா குவெஸ்ட் 3, ஆப்பிள் விஷன் புரோ ஆகியன நிகழ்பட வகையைச் சேர்ந்தவை. இவற்றில் உண்மை உலகமும் கருவியின் படக்கண் வழியாகத் திரைக்கு வருவதால், எந்தப் படவணுவையும் முழுமையாக மாற்றலாம்.

மறைப்பை அமைத்தல்

மறைப்பின் தேவையை விளக்கக் கவச ஊர்தி நல்ல எடுத்துக்காட்டு. சென்னைக்கு மேற்கே உள்ள ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961 இல் நிறுவப்பட்டது; இந்தியாவில் உருவான முதல் விஜயந்தா பீரங்கி வண்டி 1965 இல் அங்கிருந்து வெளிவந்தது. அர்ஜுன் வண்டியை வடிவமைத்த போர் ஊர்தி ஆய்வு மற்றும் மேம்பாட்டு நிறுவனமும் ஆவடியிலேயே 1976 முதல் உள்ளது. இவ்வகை வண்டியின் ஓட்டுநர், மேல்மூடி அடைக்கப்பட்டபின் பெரிஸ்கோப்பின் குறுகிய கண்ணாடி வழியாகவே வெளியுலகைக் காண்கிறார். அவரைச் சுற்றியுள்ள இரும்புக் கூடே ஒரு மறைப்பு எனலாம். வழக்கமான பீரங்கி சிமுலேட்டரில் ஓட்டுநர் அறை உண்மையானதாகவே இருக்கும். பெரிஸ்கோப் கண்ணாடிக்கு எதிரே மட்டும் ஒரு திரை வைக்கப்படும். அதற்குத் தனியான மறைப்பு தேவையில்லை. அதே அறையில் திரைக்குப் பதிலாகத் தலையணியைப் பயன்படுத்தினால்தான், பெரிஸ்கோப் சாளரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கணினிக்குச் சொல்ல வேண்டியுள்ளது.

இதில் முதல் முடிவு, மறைப்பை எதனுடன் பிணைப்பது என்பது. தலையுடன் பிணைத்தால், பயில்பவர் திரும்பும்போது திறப்பும் உடன் திரும்பும். விரைவில் அமைக்கலாம், ஆனால் ஊர்தி அறைக்குப் பயனில்லை. பயிற்சிக் கூடத்தின் தரையுடன் பிணைத்தால், ஆடும் மேடை மீதுள்ள சிமுலேட்டர் சாயும்போது மறைப்பு மட்டும் சாயாமல் நிற்கும். ஆகவே மறைப்பு அறையின் உடற்பகுதியுடனேயே பிணைக்கப்பட வேண்டும். அதற்கென அறையினுள் அடையாள அட்டைகளோ தடங்காட்டும் கருவியோ பொருத்தப்படும்.

அடுத்தது வடிவம். திரையில் ஒரு கட்டம் வரைந்து அதை மறைப்பாகக் கொள்வது எளிது என்றாலும் அது கண்ணை ஏமாற்றாது. மனிதரின் இரு கண்களுக்கும் இடைத்தொலைவு சராசரியாக 63 மி.மீ. 70 செ.மீ. தொலைவிலுள்ள ஒரு விளிம்பை இரண்டு கண்களும் ஏறக்குறைய 5 பாகை வேறுபட்ட திசைகளில் காண்கின்றன. இரு கண் படங்களிலும் ஒரே இடத்தில் வரைந்த கோடு வெகுதொலைவில் இருப்பதாகவே மூளை கொள்ளும். இதனால் உண்மையான சட்டமும் மறைப்பு விளிம்பும் வெவ்வேறு ஆழத்தில் நின்று கண்ணை உறுத்தும். எனவே அறையை அளந்து, அதே அளவில் முப்பரிமாண வடிவம் ஒன்றை அமைத்து, அதனைக் கண்ணுக்குத் தெரியாத மறைப்பாகப் பயன்படுத்துவதே சரியான முறையாகும். அளவில் பிழை நேர்வது எளிது. திசையில் 1 பாகை பிழை 70 செ.மீ. தொலைவில் 1.2 செ.மீ. விலகலாகும், ஒரு பொத்தானின் அகலம் அவ்வளவே. இத்துடன், படக்கண் கண்ணுக்குச் சற்று முன்னே பொருத்தப்பட்டிருப்பதால் அருகிலுள்ள பொருள் பெரிதாகத் தெரியும். படக்கண் 6 செ.மீ. முன்னே இருந்தால், 40 செ.மீ. தொலைவிலுள்ள கை ஏறத்தாழ 18 விழுக்காடு பெரிதாகும். நல்ல தலையணிகள் இதனைக் கணக்கிட்டுத் திருத்துகின்றன.

காலத்தாழ்ச்சியும் ஒரு சிக்கல். தலை நொடிக்கு 100 பாகை வேகத்தில் திரும்பும்போது மறைப்பு 50 மில்லிநொடி பின்தங்கினால், விளிம்பு 5 பாகை, அதாவது 70 செ.மீ. தொலைவில் 6 செ.மீ., விலகி நிற்கும். நிகழ்படத் தலையணியில் உண்மைப் படமும் தாமதமாகவே வருகிறது என்பதால், மறைப்பைத் தலையின் இப்போதைய நிலைக்கு வரைவதும் தவறாகும். படக்கண் அப்படத்தை எடுத்த கணத்தில் தலை எங்கிருந்ததோ அந்நிலைக்கு வரைய வேண்டும். புதிதாக அமைப்போர் பலரும் தடுமாறும் இடம் இது. விஷன் புரோ படக்கண்ணிலிருந்து திரைக்கு 12 மில்லிநொடியில் படத்தைச் சேர்ப்பதாக ஆப்பிள் கூறுகிறது.

விளிம்பைக் கூர்மையாக விடாமல் சில படவணுக்கள் அளவுக்கு மெல்ல மங்கச் செய்வதால் சிறு விலகல்கள் மறையும். மிகுதியாக மங்கச் செய்தால் சட்டம் புகைபோலத் தெரியும். பழைய ஒளிப்பதிவாளர்கள் தூணின் நிழலைத் தேடியதைப் போலவே, விளிம்பைக் கரிய சட்டத்தின் மேல் விழவிடுவது இதைவிட மேலானது.

இவ்வளவும் சரியாக அமைந்தபின் எஞ்சுவது கை. பயில்பவர் விசைப்பலகைக்கு மேலே கையை உயர்த்தினால், அது சாளரப் பகுதிக்குள் நுழைந்து மெய்நிகர் காட்சிக்குப் பின்னே மறைந்துவிடும். இதற்கு, கையைத் தடங்கண்டு அதனைச் சுற்றி ஒரு சிறு மறைப்பை நகர்த்தலாம். அல்லது ஒவ்வொரு படவணுவின் ஆழத்தையும் அளந்து, அருகிலுள்ளது எதுவோ அதனைக் காட்டலாம். ஆழம் அளக்கும் உணரி விரல் நுனிகளில் தடுமாறுவதால் விளிம்பு நடுங்கும்.

பச்சைத் திரை

மூன்றாவது வழி திரைப்படக் கூடத்திலிருந்து வந்தது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்து இ.வி.பி. பிலிம் சிட்டி போன்ற படப்பிடிப்புத் தளங்களில் பச்சைத் துணிக்கு முன் நடிகர்கள் நிற்பது இன்று யாவரும் அறிந்த காட்சி. அதே துணியைச் சிமுலேட்டரின் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால், பச்சை தெரியும் இடமெல்லாம் மெய்நிகர் உலகமாக மாறும். குறுக்கே வரும் கை பச்சையல்ல என்பதால் தானாகவே தெரியும். அளவெடுக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம். வார்யோ தலையணிகளில் இவ்வசதி உண்டு. ஆயினும் துணியில் மடிப்பும் நிழலும் விழாதபடி ஒளி அமைக்க வேண்டும். பச்சைத் துணியின் ஒளி பளபளப்பான விசைகளில் பட்டுத் தெறித்தால் அவ்விசைகளும் துளையாகிவிடும். இந்தியத் தரைப்படையின் சீருடையும் பச்சை கலந்தது. பயில்பவரின் கைச்சட்டை கரைந்து போகாதிருக்க நீலத் துணியே இங்கு ஏற்றது.

பாதுகாப்பு

ஊர்தி அறையில் பயில்பவர் அமர்ந்தே இருக்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ளவை போன்ற கடைசல் பட்டறைகளில் இதே முறையைப் பயன்படுத்த எண்ணுவோர் வேறொன்றைக் கருத வேண்டும். கடைசல் பொறியின் சுழலும் பற்றி எக்காரணம் கொண்டும் மெய்நிகர் படத்தால் மூடப்படலாகாது. அங்கு மறைப்பின் திறப்பு, தேவைக்குச் சற்றுப் பெரிதாகவே இருக்க வேண்டும். வரைபடமும் அளவுகளும் பொறிக்கு அப்பாலுள்ள சுவரில் தெரிந்தால் போதும். நிகழ்படத் தலையணியில் மின்கலம் தீர்ந்தாலோ மென்பொருள் நின்றாலோ, மறைப்பின் இருபுறமும் ஒருசேர இருண்டு, அணிந்தவர் ஓடும் பொறிக்கு முன் பார்வையற்றவராவார். ஒளி ஊடுருவும் வகையில் படம் மட்டுமே மறையும். பொறி கண்ணுக்குத் தெரிந்தபடியே இருக்கும். அவ்வகையில் பெரிதும் அறியப்பட்ட ஹோலோலென்சு 2 இன் உற்பத்தி 2024 இல் நிறுத்தப்பட்டுவிட்டது. நிகழ்பட வகையைத் தவிர வேறு கிடைக்காத இடங்களில், பொறி நிறுத்தப்பட்ட நிலையில் மட்டும் அதனை அணிவித்துப் பயிற்சி தருவதே ஏற்புடையது.